ஐயோ பாவம்

தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் ஏறுகிறவர்களில் மருத்துவமனைக்கு வந்து திரும்புகிறவர்கள் யாரென்று எளிதில் தெரிந்துவிடும். கையில் எக்ஸ்ரே படம் வைத்த பெரிய உறை, மாத்திரைப் பொட்டலம், இருமல் வரும்போது துண்டை வாய்க்குக் கொண்டுபோகும் பதற்றம். பக்கத்தில் இருப்பவர் ஓர் அங்குலம் நகர்ந்து உட்காருவார். நகர்ந்துகொண்டே "பாவம்" என்பார். அந்த நகர்தலும் அந்தச் சொல்லும் ஒரே ஆளிடமிருந்து ஒரே நொடியில் வருவதை இந்தத் தடத்தில் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன்.

வடமொழிப் 'பாப'த்தின் வழி வந்த சொல் இது. தமிழுக்கு வந்தபின் இரட்டை வேலை பார்க்கிறது. கோயிலிலும் தேவாலயத்திலும் செய்தவனைக் குறிக்கும். தெருவில் பட்டவனைக் குறிக்கும். கொன்றவன் படுபாவி, செத்தவனுடைய பிள்ளைகளைப் பார்த்தால் ஐயோ பாவம். நெல்லை, குமரிப் பக்கம் 'பாவப்பட்டவங்க' என்றால் ஏழைபாழைகள் என்றே பொருள். மலையாளத்திலும் அப்படித்தான். எப்படி இந்த இரண்டும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்தன? என் ஊகம் இது: கஷ்டப்படுகிறவனைப் பார்த்தவர்கள் 'இவன் முன்பு செய்தது' என்று காரணம் சொன்னார்கள். காரணம் சொன்ன வாயே இரங்கவும் செய்ததால், நாளடைவில் காரணம் உள்ளே போய் இரக்கம் மேலே வந்துவிட்டது. முழுதாக உள்ளே போய்விட்டதா என்பதுதான் கேள்வி. அந்த ஓர் அங்குலம் வேறு கதை சொல்கிறது.

தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கிய மறைமலையடிகள் பக்கத்தில் பல்லாவரத்தில்தான் வாழ்ந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், 1911இல் அதை விட்டு அங்கே குடியேறினார். பாவத்துக்குத் தனித்தமிழில் தீவினை உண்டு, கரிசு உண்டு. ஆனால் அடிபட்டுக் கிடக்கும் நாய்க்குட்டியைப் பார்த்து "ஐயோ தீவினை" என்று யாரும் சொல்ல முடியாது. கடன் வாங்கிய சொல்லில்தான் நம் இரக்கம் குடியிருக்கிறது.

பழைய தமிழ் பாவத்தை எப்படிக் கணக்குப் பார்த்தது? புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் ஒரு வரிசை தருகிறார். பசுவின் மடியை அறுத்தவர்கள், பெண்ணின் கருவைச் சிதைத்தவர்கள், பார்ப்பாருக்குக் கேடு செய்தவர்கள் ஆகிய எல்லாருக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்கு மட்டும் மீட்சி இல்லை என்கிறார். வள்ளுவரும் அதையே சொல்கிறார். அந்தக் 'கழுவாய்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பிராயச்சித்தத்துக்குத் தமிழ் வைத்த பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. பாவம் கழுவினால் போகிற அழுக்கு. கழுவ முடியாத ஒன்று மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே நடப்பது, தெய்வத்துக்கு அதில் வேலை இல்லை. தரும சாத்திரங்கள் சொல்லும் ஐந்து மாபாதகங்களில் முதலாவது பிராமணனைக் கொல்வது. தமிழ் நூல்கள் பஞ்சபாதகத்தை எண்ணும்போது வெறும் 'கொலை' என்று நிறுத்திக்கொள்கின்றன. மணிமேகலை பௌத்தக் கணக்கில் பத்து சொல்கிறது: உடம்பால் மூன்று, சொல்லால் நான்கு, மனத்தால் மூன்று. பயனில்லாமல் பேசுவதும் அதில் ஒன்று என்பதால் இந்தத் தடத்தில் பயணம் செய்யும் எவரும் அந்தப் பட்டியலிலிருந்து தப்ப முடியாது.

பாவத்தோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு சொல் பழி. பழி ஊர் வாயிலிருந்து வருவது. பாவம் ஊருக்குத் தெரியாவிட்டாலும் நிற்பது. 'பழி ஓரிடம் பாவம் ஓரிடம்' என்ற பழமொழியைச் சொன்னவர் இந்தச் சமூகத்தை நன்றாகவே பார்த்திருக்கிறார். இரண்டும் பெரும்பாலும் ஒரே முகவரிக்குப் போவதில்லை.

பாவத்தை ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாற்றலாம் என்று நம் முன்னோர் நம்பினார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரிக்கும் கோயிலுக்கும் கொடுத்த தானத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு சாபம் வைப்பார்கள். இந்தத் தருமத்தை அழிப்பவன், கங்கைக்கும் குமரிக்கும் இடைப்பட்ட எழுநூறு காதத்தில் யார் யார் என்னென்ன பாவம் செய்தார்களோ அத்தனையும் தன் தலையில் கொள்ளக் கடவன். பிற்காலத்தில் இது கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவமாகச் சுருங்கியது. காவல்நிலையம் இல்லாத காலத்து அபராதச் சட்டம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். பொதுச் சொத்தில் கை வைத்தால் நாட்டின் மொத்தப் பாவமும் உன் பெயருக்கு மாறும் என்பதைவிடக் கடுமையான உட்பிரிவை எந்த வழக்கறிஞரும் எழுதிவிட முடியாது.

பசு என்றதும் மாடம்பாக்கம் நினைவுக்கு வருகிறது. சேலையூரைத் தாண்டிப் போனால் வரும் தேனுபுரீசுவரர் கோயில், படுத்த யானையின் முதுகு போன்ற கருவறையுள்ள சோழர் காலக் கட்டடம். தலபுராணம் இப்படிச் சொல்கிறது: கபில முனிவர் இலிங்கத்தை இடக்கையில் வைத்து வழிபட்டார், அந்தப் பிழைக்காகப் பசுவாகப் பிறந்தார், மண்ணுக்குள் இருந்த இலிங்கத்தின்மேல் பால் சொரிந்து விடுபட்டார். கையை மாற்றி வைத்ததற்கு ஒரு பிறவி. இதைப் படித்துச் சிரிப்பவர்கள், இன்றைக்கும் இடக்கையால் காசு கொடுத்தால் கடைக்காரர் முகம் மாறுவதையும் நினைத்துப் பார்க்கலாம். பொழிச்சலூர் அகத்தீசுவரர் கோயில் கதை இன்னும் ருசியானது. உலகத்தையே ஆட்டிவைத்த சனீசுவரன், மற்றவர்களைப் படுத்தியதால் தனக்குச் சேர்ந்த பாவத்தைப் போக்க அங்கே வந்து தீர்த்தம் உண்டாக்கி வழிபட்டானாம். தண்டனை கொடுக்கிறவனுக்கும் தண்டனைப் பாவம் ஒட்டும் என்று ஒரு கிராமத்துப் புராணத்துக்குத் தோன்றியிருக்கிறது. இப்போது சனிக்கிழமைகளில் எள் விளக்கோடு வரிசையில் நிற்பவர்கள் பாவத்தைப் பற்றிப் பேசுவதில்லை; தோஷம் என்கிறார்கள். பாவத்துக்குச் செய்தவன் ஒருவன் வேண்டும். தோஷத்துக்குக் கட்டம் போதும். புறநகர் வாழ்க்கைக்கு எது தோது என்று சொல்ல வேண்டியதில்லை.

சைவ சித்தாந்தம் இந்தக் கணக்கையே கலைத்துப்போடுகிறது. அங்கே ஆணவம் செம்பில் களிம்புபோல் உயிரோடு ஒட்டியது, தனித்தனிப் பாவங்கள் அதற்கு அப்புறம்தான். நல்வினையும் விலங்குதான், பொன் விலங்கு. புண்ணியத்திலிருந்தும் விடுபட வேண்டும் என்று சொன்ன தத்துவத்தின் நடைமுறைப் பயன் என்னவென்றால், பெரும்பான்மையினர் அதைப் பேராசிரியர்களிடம் விட்டுவிட்டு எள் விளக்கு வாங்கப் போய்விட்டார்கள்.

பல்லாவரத்தில் குன்றைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த குடைவரையில் அவன் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது தர்கா. மனிதன் பிறக்கும்போதே பாவி என்பதை ஏற்காத ஒரு சமயம், நேராக இறைவனிடம் கேட்டு மீளும் தவ்பா வழியைச் சொல்கிற சமயம், அந்தப் பழைய கல்லுக்குள் இருக்கிறது. அந்த மகேந்திரன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் பாவத்தைப் பற்றிய தென்னாட்டின் முதல் நல்ல நகைச்சுவை. காபாலிகர்கள் மண்டையோட்டை ஏந்துவது பிரமகத்தி தீர்க்கும் விரதத்திலிருந்து வந்த வழக்கம். நாடகத்தில் ஒரு காபாலிகன் அந்த மண்டையோட்டில் கள் குடிக்கிறான்; காஞ்சித் தெருவில் அது தொலைந்துபோக, பௌத்தத் துறவிமேல் திருட்டுக் குற்றம் சாட்டுகிறான்; கடைசியில் நாய் தூக்கிப்போனது தெரிகிறது. கழுவாய்ப் பாத்திரமே குடிப்பாத்திரமான கதையை ஓர் அரசன் எழுதினான் என்பது நமக்கு இன்னும் போதிய அளவு உறைக்கவில்லை.

தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று பாவங்களைக் கேட்டறியும் கையேடு. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிசெய்த அண்டிரிக் அடிகளார் 1578இல் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். 1580இல் பாவசங்கீர்த்தனக் கையேடு வந்துவிட்டது. என்ன செய்தாய், எத்தனை முறை செய்தாய் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் தனியாகச் சொல்ல வேண்டும். 'சங்கீர்த்தனம்' புகழ் பாடுவதற்கான சொல். அதைத் தன் குறை சொல்வதற்கு எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் அசகாயசூரர்தான். ஜென்ம பாவம், சாவான பாவம், அற்பப் பாவம் என்று தரம் பிரித்து ஒரு புதிய அகராதியே உருவானது. பரங்கிமலைப் படிகளில் தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்கிறவர்களிடம் அந்தச் சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அருட்சாதனத்தின் பெயர் 'ஒப்புரவு' என்று மாறிவிட்டாலும்.

பாவத்தைப் பற்றிய பெரிய விவாதம் ஒன்று தாம்பரத்திலேயே நடந்தது. சீனாவில் நடக்க வேண்டிய அனைத்துலக மிஷனரி மாநாடு, அங்கே ஜப்பானியப் போர் மூண்டதால் 1938 டிசம்பரில் இங்கே வந்தது. முந்தைய ஆண்டுதான் கிறித்தவக் கல்லூரி நகரத்திலிருந்து சேலையூர்க் காட்டுக்கு மாறியிருந்தது. டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் மாநாட்டுக்கென்றே எழுதிய நூலில், மனிதன் கட்டிய சமயங்கள் எல்லாமே மனித வீழ்ச்சிக்கு உட்பட்டவை, அவற்றிலிருந்து நற்செய்திக்குப் படிக்கட்டு கிடையாது என்றார். சென்னையைச் சேர்ந்த செஞ்சையா, சக்கரை முதலியோர் அதே ஆண்டு தங்கள் மறுப்பை நூலாகக் கொண்டுவந்தார்கள். வழக்கறிஞரான செஞ்சையாவுக்கு இயேசு பாவத்துக்கு ஈடு கட்டியவர் என்பதைவிடப் புதிய படைப்பின் தொடக்கம் என்பதே முக்கியம். தொழிற்சங்கவாதியான சக்கரை பிறகு சென்னை மேயரும் ஆனார். வெள்ளைக்கார மிஷனரிகள் பாவி என்று அழைத்த ஊரில் அமர்ந்துகொண்டு, எங்கள் முப்பாட்டன்கள் இருட்டில் மட்டும் இருந்ததாக ஒப்ப மாட்டோம் என்று சொன்னவர்கள் இவர்கள். இன்றைக்கும் உலக இறையியல் வகுப்புகளில் 'தாம்பரம்' என்றால் ரயில் முனையம் இல்லை, இந்தச் சண்டைதான்.

அந்தக் கல்லூரி வளாகத்துக்குத் தண்டவாளத்தின் மறுபக்கம், அதே காலத்தில், பாவத்தைப் பற்றிய வேறொரு சண்டை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கினார். மருந்து இல்லாத காலம். காற்றும் வெயிலும் ஓய்வும் பாலும்தான் சிகிச்சை. ராபர்ட் காக் கிருமியைக் கண்டு 46 ஆண்டு ஆகியும் என்புருக்கி நோய் வந்த வீட்டில் சம்பந்தம் செய்யமாட்டார்கள். நோயை வினையின் கணக்காகப் பார்ப்பதற்கு நம்மிடம் பெரிய மரபு உண்டு. சூலை நோய் வந்த நாவுக்கரசரே தான் அறியாமல் செய்த தீமை என்னவென்று கேட்டுத்தான் திருவதிகையில் பாடத் தொடங்குகிறார். அவராவது தன்னைக் கேட்டுக்கொண்டார். ஊரோ அடுத்தவனைக் கேட்கும்.

இதற்குச் சினிமாவில் கிடைத்த உச்சம் 1954இல் வந்த ரத்தக்கண்ணீர். எம்.ஆர்.ராதா பெரியாரின் தொண்டர். கடவுளையும் கர்மத்தையும் மேடையில் அவரைப்போல் கிழித்தவர் இல்லை. அவருடைய மிகப் புகழ்பெற்ற வேடத்தில், மனைவியைக் கைவிட்டுத் தாசி வீட்டுக்குப் போனவனுக்குக் குஷ்டம் வருகிறது. மனைவிக்கு மறுமணம் செய்துவைக்கும் முடிவு புரட்சிகரமானது, மறுக்கவில்லை. ஆனால் கொட்டகையில் அழுத லட்சக்கணக்கானவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனது, செய்தான், பட்டான் என்ற பழைய கணக்கைத்தான். படம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இதே ரயில் பாதையில் முப்பது கிலோமீட்டர் தெற்கே செங்கல்பட்டுத் திருமணியில், டாக்டர் காக்ரேன் சல்போன் மருந்தால் தொழுநோயைக் குணப்படுத்த முடியும் என்று காட்டியிருந்தார். நாத்திகம் கர்மத்தை மேடையிலிருந்து இறக்கியது. உருக்கம் அதைப் பின்வாசல் வழியாக ஏற்றிவிட்டது. ராதாவின்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

காசநோயைப் பொறுத்தவரை, சென்னையில் 1956இல் அமைந்த ஆராய்ச்சி மையம் மாத்திரை சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று நிரூபித்தது. சானடோரியங்களின் காலம் முடிந்தது என்று நினைத்தபோது எய்ட்ஸ் வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் 1986இல் சென்னையில், பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தில் கண்டறியப்பட்டது. செய்தி அப்படிப் பிறந்ததால் நோயின் முகம் அந்தப் பெண்களின் முகமானது. பழி அங்கே போனது. நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் புருஷன்மார் என்று வெளிப்படையாகப் பேச வருடங்கள் ஆயின. மற்ற இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 90களில் தாம்பரம் வந்து சேர்ந்தார்கள். சானடோரியமாக இருந்த நெஞ்சக நோய் மருத்துவமனை நாட்டின் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை இடங்களில் ஒன்றாக மாறியது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் அதுவும் ஒன்று. அந்த வருடங்களில்தான் நகரமெங்கும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விழிப்புணர்வுப் பலகைகள் நின்றன. ஆட்டோ ஓட்டுநர் முதல் பள்ளிப் பையன் வரை அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பில் ஒரு நன்மை இருந்தது. கேள்வி, புள்ளிராஜா பாவம் செய்தானா என்று கேட்கவில்லை. வருமா வராதா என்றுதான் கேட்டது. அதே சமயத்தில் ரயில் பாதையோரச் சுவர்களில் பாவம் தரும் கூலி சாவு என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மருத்துவமனைக்குப் போகிற பெண் சன்னல் வழியே இரண்டையும் படித்துக்கொண்டு போயிருப்பாள்.

பெண்ணின் உடம்பில் பாவத்தை எழுதுவது நம் இலக்கியத்தின் பழைய பழக்கம். அதை அழிக்க முயன்றவையே நவீன இலக்கியத்தின் நல்ல பக்கங்கள். புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில் இராமன் மன்னித்த அகலிகை, அவன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். தன்னை மீட்டவனின் நீதி இருவருக்கு இரண்டானதை அவளால் தாங்க முடியவில்லை. ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேச'த்தில் மழையில் கார்க்காரனோடு போய்த் திரும்பிய மகளைத் தாய் குளிப்பாட்டுகிறாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். புறநானூற்றின் கழுவாய் இரண்டாயிரம் வருடம் கழித்துச் சென்னையின் ஒரு குளியலறைக்கு வந்திருக்கிறது, புரோகிதர் இல்லாமல். வாசகர்கள் கொதித்தார்கள். ஜெயகாந்தனே பிறகு, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்னவாகும் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார்.

தி.ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' இவற்றினும் நுட்பமானது. அலங்காரம் தன் தவற்றுக்குப் பரிகாரமாக மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்புகிறாள். பாவம் அவளுடையது, பாடசாலைத் திண்ணையில் பதினாறு வருடம் அவனுடையது. கழுவுவதற்கும் கைமாற்றுவதற்கும் வித்தியாசம் தெரிந்த எழுத்தாளன் ஜானகிராமன். மூன்று கதையிலும் ஆண்களை என்ன செய்வது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அலங்காரம் தானே செய்ததற்குப் பரிகாரம் தேடினாள். செய்யாததற்கும் பிறவியிலேயே கணக்கு எழுதிவிடுவது சாதி. கீதை பெண்களையும் வைசியரையும் சூத்திரரையும் சொல்லுமிடத்தில் 'பாபயோனி' என்ற சொல் வருகிறது. உரைகாரர்கள் எவ்வளவு மெழுகினாலும் அது அங்கேதான் இருக்கிறது. இதைத் திருப்பிப்போட்டவர்களில் காந்தி ஒருவர். 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தில் திருநெல்வேலியில் பேசும்போது, அது தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் கொடுத்த தண்டனை என்றார். தாகூர் வருத்தத்தோடு மறுத்தார். இயற்கையின் சம்பவத்துக்கு அறக்காரணம் கற்பித்தால், எதிர்த்தரப்பும் அதே ஆயுதத்தை எடுக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். செத்தவர்களில் தீண்டப்படாதவர்களும் இருந்தார்களே என்பது யாருக்கும் தோன்றும் கேள்வி. காந்தி பாவத்தைத் தாழ்ந்தவன் தலையிலிருந்து உயர்ந்தவன் தலைக்கு மாற்றினார். அது பெரிய காரியம். கணக்கை மாற்றவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூலைத் திறந்தால் தீண்டாமையைப் பற்றி மூன்று வாக்கியம் இருக்கும். முதலாவது அதைப் பாவம் என்கிறது, இரண்டாவது பெருங்குற்றம் என்கிறது, மூன்றாவது மனிதத்தன்மை அற்றது என்கிறது. பகுத்தறிவுக் கட்சிகள் மாறி மாறி ஆண்ட மாநிலத்தில் பாவம் முதலிடத்தில் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றம் என்று சொல்லியாயிற்று. ஆனாலும் பிள்ளைகளிடம் சொல்லும்போது குற்றம் என்ற சொல் போதாது, பிடிபடாவிட்டால் குற்றம் இல்லை என்று பிள்ளைகளுக்கே தெரியும் என யாரோ ஒரு பழைய ஆசிரியர் கணித்திருக்க வேண்டும்.

வள்ளலார் 1854இல் எழுதிய 'மனுமுறை கண்ட வாசக'த்தில், மகன் தேர்க்காலில் கன்றைக் கொன்றதைக் கேட்ட சோழன், தான் முன்பு என்ன பாவம் செய்தேனோ என்று அடுக்கிக்கொண்டே போவான். வேலை வாங்கிக்கொண்டு கூலி குறைப்பது, வரி உயர்த்திக் கொள்ளையடிப்பது, வெயிலுக்கு ஒதுங்கும் மரத்தை வெட்டுவது, குடிநீர்க் குளத்தைத் தூர்ப்பது. அந்தப் பட்டியலில் தெய்வத்துக்குச் செய்யும் குறைகளைவிட மனிதருக்குச் செய்யும் கேடுகளே எனக்கு நினைவில் நிற்கின்றன. பாவத்தைப் பட்டவனிடமிருந்து எடுத்து, செய்யக்கூடிய வசதி உள்ளவனிடம் கொடுத்த பட்டியல் இது. பேசுகிறவன் அரசன்.

குளத்தைத் தூர்ப்பது என்ற இடத்தில் இந்தப் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் இருமுவார்கள். பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை, சிட்லபாக்கம், செம்பாக்கம், பீர்க்கன்கரணை என்று ஊர்தோறும் ஏரி. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதன் ஓரத்திலேயே நகரத்தின் குப்பை மலையும் எழுந்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடி வரை தண்ணீர். படகில் ஆட்களை எடுத்தார்கள். மொட்டை மாடிகளில் நின்றவர்கள் சொன்ன ஒரே வாக்கியம், "என்ன பாவம் செஞ்சோமோ." டிவியில் பார்த்தவர்கள் சொன்ன வாக்கியம், "பாவம்." இரண்டும் சரிதான், இரண்டிலும் அந்தத் தண்ணீர் வந்த வழி இல்லை. மனை பிரித்தவர், அங்கீகாரம் கொடுத்தவர், கடன் கொடுத்த வங்கி, தவணை கட்டியவர் என்று ஆளுக்கு ஒரு கூடை மண். எவர் கூடையும் தனியாகப் பாவத்துக்குத் தேறாது. எழுநூறு காதத்துப் பாவத்தையும் ஒருவன் தலையில் ஏற்றச் சொன்ன கல்வெட்டுக்காரருக்கு, ஒரு பாவத்தை எழுநூறு பேர் பங்குபோட்டுக்கொள்ளும் வித்தை தெரிந்திருக்கவில்லை.

வெள்ளம் வடிந்த வாரத்தில் காயப்போட்ட காகிதங்களோடு என் வீட்டுக் கிரயப் பத்திரத்தையும் விரித்துவைத்தேன். நாற்புற எல்லையை அன்றுதான் நிதானமாகப் படித்தேன். வடக்கே மனை எண், தெற்கே மனை எண், மேற்கே பொதுவழி. கிழக்கே 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருந்தது. எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்து பார்த்தேன். கிழக்கே இருபதடித் தார்ச்சாலை, அதன்மேல் பக்கத்து வீட்டுக்காரர் சேற்றில் நனைந்த மெத்தையை இழுத்துக்கொண்டிருந்தார். பாவம் என்று வாய் வரை வந்தது.